கை படாத சாமான்கள்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு பொய். பொய் சொன்னது என் அக்கா, நான் உடந்தை. அக்கா வீடு மாறுகிறாள். அவள் கணவருக்கு, அதாவது என் அத்தானுக்கு, அது தெரியாது. ஒரு மனிதர் உள்ளே இருக்கும்போதே அவருக்குத் தெரியாமல் அந்த வீட்டை எப்படி மூட்டை கட்ட முடியும் என்று கேட்பீர்கள். அத்தானுக்குக் கண் தெரியாது.

நான் கதை எழுதுகிறவள். கூடப் பிறந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாத்திரங்களைப் பழந்துணியில் சுற்றுவதைப் பார்த்து, 'அடடா, இது நல்ல கதையாச்சே' என்று நினைக்கிற ஜென்மம். திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடுங்கள், பின்னால் நேரம் இருக்காது.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"வீடு என்பது வெறும் சுவர்கள் அல்ல, அது..." சீ. நாட்காட்டித் தாளில் அச்சடிக்கத்தான் லாயக்கு.

"லாரி வருவதற்கு முந்தின நாள், பார்வையிழந்த அந்த மனிதர் தன் நாற்காலியில்..." இதுவும் வேண்டாம். 'அந்த மனிதர்' என்று எழுதியதுமே அத்தான் யாரோ ஆகிவிட்டார்.

"நாளைக்கு அத்தானுக்கு வீடு இல்லை." இதுதான் விஷயம். ஆனால் இதற்கு அடுத்த வரி எனக்கு வரவே இல்லை.

2

அத்தான் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். பார்வை ஒரேயடியாகப் போகவில்லை. ஓரங்களில் இருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. இந்த வீட்டில் இருக்கும்போதுதான் முழுக்கப் போயிற்று. போகப் போக அவர் வீட்டைக் கையால் கற்றுக்கொண்டார். கட்டிலை விட்டு எழுந்தால் பீரோவின் முனை, அங்கிருந்து கதவு நிலை, நிலையில் சிராய் பெயர்ந்த இடம் விரலில் பட்டால் சரியான வழி. பிறகு சாப்பாட்டு மேஜை. மேஜை ஓரமாகவே போனால் குளியலறை. யார் கையையும் பிடிக்க மாட்டார். தானே தண்ணீர் எடுத்துக் குடிப்பார், தானே முகம் மழித்துக்கொள்வார். அதே மனிதர் வாசலைத் தாண்டி ஓர் அடி வைத்துவிட்டால் அக்காவின் முழங்கையைத் தேடித் தவிப்பார்.

(இந்த இடத்தில் 'வீடுதான் அவருக்குக் கண்' என்று எழுதி அடித்திருக்கிறேன். உண்மைதான். ஆனால் எழுதியதும் அழகாக இருந்தது. இது அழகாக இருக்க வேண்டிய விஷயம் இல்லை.)

வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் இடித்துக் கட்டப் போகிறார். கெஞ்சிப் பார்த்தாகிவிட்டது, கேட்ட தவணையும் முடிந்துவிட்டது. முன்பு ஒருமுறை வீடு மாறும் பேச்சு வந்தபோது அத்தான் கத்தவில்லை. "நீ போ. என்னை இங்கயே விட்டுட்டுப் போ. இங்கன்னாதான் நான் மனுஷன்," என்றார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். 'சரி, எங்கேயும் போகல' என்று அக்கா சத்தியம் பண்ணும்வரை அந்தத் தட்டைத் தொடவில்லை.

அதனால் அக்கா ஒரு திட்டம் போட்டாள். காலையில் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி அவரை நான் வெளியே கூட்டிப் போக வேண்டும். அதற்குள் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். திரும்பும்போது நேராகப் புது வீடு. அவருடைய நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பக்குவமாகச் சொல்வது.

"எப்பக்கா சொல்லுவே?"

"உக்கார வெச்சப்புறம்டி."

"உக்காந்த மனுஷன் எந்திரிக்கவே மாட்டாரா?"

"நீ சும்மா இரு. உன் கதைப் புத்தியை இதுல காட்டாத."

மூட்டை கட்டுவதற்கும் அவளே ஒரு முறை வைத்திருந்தாள். அத்தான் கை படுகிற சாமான் எதையும் கடைசி நாள்வரை அசைக்கக் கூடாது. கை படாததை மட்டும் கட்ட வேண்டும். ஜன்னல் திரைகள், பரணில் இருந்த மெத்தைகள், கம்பளிகள், பீரோவுக்குள் இருந்த அவளுடைய புடவைகள், அலமாரியின் மேல்தட்டுப் புத்தகங்கள், பின்னறையில் அடுக்கிக் கிடந்த தலையணைகள், விரிப்புகள். மேஜை, நாற்காலி, பீரோ, தண்ணீர் ஜாடி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. வெளியே பார்த்தால் வீடு. திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை.

டேப் ஒரு பெரிய தலைவலியாக இருந்தது. அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் டேப்பை இழுத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். அக்கா மிக்ஸியைக் காலியாக ஓட விட்டாள். அது ஓடுகிற நேரத்தில் நான் சரசரவென்று ஒட்டித் தள்ளினேன்.

"என்ன இது, காலைலேருந்து ஒரே அரைப்பா இருக்கு?" என்று உள்ளேயிருந்து அத்தான்.

"வெங்காயங்க."

"இவ்ளோ வெங்காயமா? யாருக்குக் கல்யாணம்?"

நாங்கள் சிரித்தோம். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தோம். பொத்திய கையை எடுக்காமலேயே அக்கா அழத் தொடங்கியிருந்தாள். நான் டேப்பின் நுனியைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

3

உண்மையைச் சொன்னால், இந்தக் கதைக்கு முதல் நாளே ஒரு முடிவு வைத்திருந்தேன். கேளுங்கள்:

அத்தானுக்கு எல்லாம் தெரியும். ஆரம்பத்திலேயே தெரியும். லாரி வரும் காலையில் அவரே எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு, "கிளம்பலாமா?" என்பார். அக்கா உடைந்து போவாள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தை மூடுவீர்கள்.

கதைகளில் கண் தெரியாதவர்களுக்கு எல்லாமே தெரிந்துவிடும், கவனித்திருக்கிறீர்களா? எங்கள் அத்தான் பருப்பு டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டு சர்க்கரை என்று சாதிப்பார். ஞானியெல்லாம் இல்லை, சிடுமூஞ்சி. கோபம் வந்தால் கரண்டியை வீசுவார். எப்படியும் குறி தப்பும் என்பதால் நாங்கள் நகர்வதுகூட இல்லை.*

அப்படிப்பட்டவரை நான் ஏன் ஞானியாக்கப் பார்த்தேன்? அவருக்குத் தெரியும் என்றால் நாங்கள் அவரை ஏமாற்றவில்லை என்று ஆகிவிடும். அதற்காகத்தான். அந்த முடிவு உங்களுக்காக எழுதியது இல்லை, நான் நிம்மதியாகத் தூங்குவதற்காக எழுதியது.

* ஒரே ஒருமுறை தப்பவில்லை. அன்றைக்கு அத்தான்தான் அதிகம் அழுதார்.

4

நேற்று சாயங்காலம் நடந்ததை இனி அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன்.

எழுதுகிற எதையும் நான் முதலில் அத்தானுக்குத்தான் படித்துக் காட்டுவேன். தொழில் விட்டுப் போனாலும் காது விடவில்லை. "அந்த இடத்துல ஒரு காற்புள்ளி போடு, மூச்சு முட்டுது," என்பார். சரியாகத்தான் இருக்கும். நேற்று வேறொரு கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். பாதியில் கையைத் தூக்கினார்.

"உங்கக்கா எங்க?"

"கடைக்குப் போயிருக்கா." (அக்கா புது வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.)

"கிட்ட வா. உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். அவகிட்ட மூச்சு விடக்கூடாது."

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் வைத்திருந்த முடிவு தானாக நடக்கப் போகிறது என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எனக்குக் காது போகுதும்மா," என்றார்.

"என்ன அத்தான் சொல்றீங்க?"

"கொஞ்ச நாளா பாக்குறேன். சத்தமெல்லாம் மாறிப் போச்சு. நீ பேசினா அண்டாவுக்குள்ள தலையை விட்டுட்டுப் பேசற மாதிரி இருக்கு. ஒரு வார்த்தை முடியறதுக்குள்ள அது மேலயே இன்னொண்ணு வந்து விழுது. அவ எந்தப் பக்கத்துலேருந்து கூப்பிடறான்னு தெரியல. நேத்து கூப்பிட்டப்ப தப்பான பக்கம் திரும்பிட்டேன். அவ பாத்தாளோ என்னவோ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரைகள், மெத்தைகள், கம்பளிகள், புடவைகள், புத்தகங்கள். சத்தத்தைக் குடித்துக்கொள்கிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சுவரையும் மரத்தையும் இரும்பையும் மட்டும் மிச்சம் வைத்திருக்கிறோம். கைக்குத் தெரியாமல் அவ்வளவு கவனமாகக் காலி செய்த வீடு, வாய் திறந்தால் எதிரொலிக்கிறது. எங்கள் காதுக்கு அது ஒன்றுமில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவருக்கு வீடு காலியாவது தெரியவில்லை. தன் காதுதான் காலியாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"கண்ணு போனப்பவும் இப்படித்தான்," என்றார். "ஏதோ சரியில்லைன்னு முதல்ல தோணுச்சு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நெசமாயிடும்னு பயம். இப்பவும் அதே பயம். இருட்டு பழகிடுச்சும்மா, அதுல குறையில்ல. அந்த இருட்டுக்குள்ள சத்தமும் இல்லாமப் போச்சுன்னா நான்..."

அவர் முடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை நானும் முடிக்கப் போவதில்லை.

"அவகிட்ட சொல்லிடாத. ஏற்கெனவே என்னை வெச்சுட்டு மாரடிக்கிறா. இதையும் கேட்டா தாங்க மாட்டா."

'உங்க காதுக்கு ஒண்ணும் ஆகல அத்தான்.' தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் பிழை திருத்திய மனிதர், அப்படியானால் இது என்ன என்று கேட்பார். 'வீடு காலியாயிடுச்சு' என்று சொல்ல வேண்டும். காதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் வீட்டைப் பிடுங்க வேண்டும்.

"சளியா இருக்கும் அத்தான்," என்றேன். தூ!

5

அக்காவிடம் சொன்னேன். மூச்சு விடக்கூடாது என்றவரிடம் சரி என்று சொல்லிவிட்டு, அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பின்பக்கம் இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டாள்.

"ஐயோ, துணி," என்றாள். ஒரு பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இன்று காலை அத்தான் குளிக்கப் போனதும் அவள் முதல் மூட்டையை அவிழ்த்தாள்.

"என்னக்கா பண்றே?"

"திரையை மாட்டறேன்."

"நாளைக்குக் காலைல லாரி வருது."

"தெரியும்."

"மறுபடியும் கழட்டணும்."

"தெரியும்டி! எல்லாம் எனக்குத் தெரியும். இன்னைக்கு ஒரு நாளாவது அந்த மனுஷன் பயமில்லாம இருக்கட்டும். பாத்துட்டே நிக்காத, அந்த முனையைப் பிடி."

பிடித்தேன். திரைகளை மாட்டினோம். மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தோம். கம்பளிகளைப் பிரித்துப் பின்னறை முழுக்கப் போட்டோம். புடவைகளை மடிக்க நேரமில்லாமல் பீரோவுக்குள் அள்ளித் திணித்தோம். ஒருவரும் குடியிருக்கப் போகாத வீட்டுக்கு, வியர்க்க விறுவிறுக்கக் குடிவந்துகொண்டிருந்தோம்.

அத்தான் குளித்துவிட்டு மேஜை ஓரமாக வந்தார். துண்டு தோளில்.

"சாப்பிட வாங்க, ஆறிடும்," என்றாள் அக்கா.

அவர் நின்றார். அக்கா இருந்த பக்கம் முகத்தை நேராகத் திருப்பினார். இம்மி பிசகவில்லை.

"என்ன சொன்னே?"

"சாப்பிட வாங்கன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

"என்னங்க இது விளையாட்டு? வாங்க, வந்து உக்காருங்க."

"ம். திட்டு, திட்டு." அவர் முகத்தை எப்படி எழுதுவது? 'மலர்ந்தது' என்றெல்லாம் என்னால் எழுத முடியாது. சிரித்தார், அவ்வளவுதான். உட்கார்ந்து இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உப்பு போதவில்லை என்று சண்டை போட்டார். அக்கா உள்ளே போன நேரத்தில் என் பக்கம் சாய்ந்து, "சரியாயிடுச்சும்மா. சளிதான் போல. தேவையில்லாம உன்னை வேற பயமுறுத்திட்டேன்," என்று ரகசியமாகச் சொன்னார்.

6

முடிவுகள். எழுதிப் பார்த்த வரைக்கும் வைக்கிறேன்.

(அ) இன்றே சொல்லிவிடுகிறோம். அவர் கத்தவில்லை. "சத்தியம் பண்ணினியே," என்கிறார் அக்காவிடம். அதற்கு மேல் எழுத வரவில்லை. கண் போன வீட்டில் அவருக்கு மிச்சம் இருந்தது அவள் வார்த்தை ஒன்றுதான்.

(ஆ) சொல்லவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரி, லாரி, புது வீடு. அங்கே எல்லாத் துணியும் வந்துவிடும், காது நன்றாகவே கேட்கும். பழைய நாற்காலி, பழைய குரல்கள். சந்தோஷமாகத்தான் உட்கார்ந்திருப்பார். தாகம் எடுக்கும். எழுந்து பீரோவின் முனைக்காகக் கையை நீட்டுவார். கை நீண்டுகொண்டே போகும்.

(இ) லாரி வரவில்லை. (சும்மா எழுதிப் பார்த்தேன். அதெல்லாம் வரும்.)

மூன்றில் எதுவும் எனக்கு வேண்டாம். கதையை நிறுத்திவிடலாம் என்று பேனாவை மூடும்போதுதான் முன்னறையில் இருந்து அத்தான் கூப்பிட்டார்.

"என்னவோ ரெண்டு நாளா கிறுக்கிட்டே இருக்கியே. கொண்டா, படி பாப்போம்."

கொண்டு வந்திருக்கிறேன். நேற்றைய கதையைப் படித்தால் கண்டுபிடித்துவிடுவார், வேறு எதுவும் கையில் இல்லை. இந்த நிமிஷத்தில் ஒன்றைக் கட்டிப் பேசவும் எனக்குத் தெம்பில்லை. அவர் நாற்காலியில் தலையைச் சாய்த்து, கேட்பதற்குத் தயாராக, கைகளைக் கோத்துக்கொண்டு இருக்கிறார். சமையலறை வாசலில் அக்கா. இந்தத் தாள்களில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று தலையாட்டுவாள் என்று பார்த்தேன், ஆட்டவில்லை. சரி என்றும் ஆட்டவில்லை. ஈரக் கையோடு அப்படியே நிற்கிறாள்.

என்னால் ஆகாது. இந்தாருங்கள், தாள்களை உங்களிடமே நீட்டுகிறேன். இவ்வளவு தூரம் கேட்ட பாவத்துக்கு நீங்கள் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் மடித்து வைத்துவிட்டு அவருக்கு வேறு ஏதாவது சொல்லுங்கள். எதைச் செய்தாலும் சீக்கிரம் செய்யுங்கள், அவர் காத்திருக்கிறார்.

"ஏம்மா பேசாம நிக்கிறே? மெதுவாவே படி, பரவால்ல. எனக்கு நல்லாவே கேக்குது."