வாசலில் ஒரு மூச்சு

எவ்வளவு குடிப்பீர்கள் என்று டாக்டர் மீனலோசனி கேட்டது கபிரியேலைப் பார்த்துத்தான். பதில் சொன்னது அவர் மனைவி சாந்தமேரி.

“இப்ப சுத்தமா விட்டுட்டாரு டாக்டர். கோயில்ல பைபிள் மேல கை வச்சு சத்தியம் பண்ணிட்டாரு லா.”

அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கண் மஞ்சளாகி வயிறு உப்பிய புருஷனைத் தவக்காலத்தில் பீடத்தின் முன்னால் நிறுத்தியது அவள்தான். ரயில்வே குடும்பத்து ஆண்கள் அப்படி நின்று குடியை விடுவதாகச் சொல்வதும், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதும் அந்தக் கோயிலுக்குப் புதிதல்ல. அவளுடைய அப்பாவும் அதே இடத்தில் நின்றவர். ஒரு தடவை அல்ல. கடைசியில் ஈரல் வெந்துதான் போய்ச் சேர்ந்தார்.

கபிரியேல் குடித்து அவள் பார்த்ததில்லை. சிக்னல் அறையில் இரவு வேலை; அங்கே ஒளித்துக் குடிக்கிறார் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள்.

“அங்கிள், நீங்க சொல்லுங்க.”

“நான் தொட்டதே இல்ல டாக்டர்” என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

டாக்டர் நாற்காலியை சாந்தமேரி பக்கம் திருப்பினார். “இது தண்ணியால வந்தது இல்ல ஆன்டி. ஹெப்படைட்டிஸ் பி, வைரஸ் கிருமி. பொறக்கும்போதே அவங்க அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம். இத்தனை வருஷமா ரத்தத்துல உள்ள வெள்ளை அணுக்கள் இதோட சண்டை போட்டுக்கிட்டே இருக்கு. அன்னிக்கு ஆராய்ச்சிக்குன்னு ரத்தம் எடுத்தோமே, அந்த அணுக்களை லேப்ல வச்சு கிருமியைக் காட்டினோம். இளசா இருந்தா மளமளன்னு பெருகணும். பெருகல. சாகவும் இல்ல. இவருக்கு நாப்பத்தாறு வயசு; அதுங்க எழுபது வயசுக் கிழடு மாதிரி சும்மா நிக்குது.”

“கிருமிதான் ஈரலைத் தின்னுச்சா?”

“கிருமி நேரா செஞ்சது கம்மி. காப்பாத்த வந்த அணுக்கள்தான், கிருமி உள்ள இருக்குன்னு ஈரலையே அடிச்சு அடிச்சுக் கெடுத்துடுச்சு.”

சாந்தமேரி கைப்பையின் பட்டனைத் திறந்து மூடினாள். வேறு என்னவோ டாக்டர் சொன்னார்: அவளும் பிள்ளைகளும் ரத்தம் சோதிக்க வேண்டும், மிச்சமிருக்கும் ஈரலையாவது காக்கப் பார்க்கலாம். அவள் தலையாட்டினாள். யாரோ பொதுவில் அவள் சேலையைப் பற்றி இழுத்ததுபோல் உடம்பு கூசிக்கொண்டிருந்தது.

கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் இருவருக்கும் இடம் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் கூரைகள் பின்னால் போயின.

“அன்னிக்கே ஏன் இல்லன்னு சொல்லல?”

“வீட்டுல சொன்னேன்ல. நீ நம்பல. கோயில்ல எல்லாரும் பாக்கறாங்க, நீ அழுதுகிட்டு நிக்கற. இல்லன்னு சொன்னா உன்னையப் பொய்க்காரி ஆக்குன மாதிரி ஆயிடும்.” அவரே சிரித்தார். “குடிக்க மாட்டேன்னுதானே சொன்னேன். அதுல என்னா பொய்யி? விடு மேரி.”

அந்தச் சிரிப்பை அவளால் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அவர்கள் சந்தில் அடுத்த வீட்டு ரோசலின் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். “என்னா கபிரியேல் அண்ணே, சத்தியம் ஓடுதா? இல்ல, நடுவழியில பிரேக் டௌனா?”

“ஓடுது, ஓடுது” என்றார் அவர்.

சாந்தமேரி வாயைத் திறந்தாள். “ஓடுது அக்கா” என்ற சொல்தான் அவளிடமிருந்தும் வந்தது. தன் குரல் தன் காதிலேயே நாறியது.

வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூட்டைத் திறந்து நிமிர்ந்தபோது கபிரியேல் உள்ளே போகாமல் நின்றார். சத்தியம் செய்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளும், குடித்திருக்கிறாரா என்று முகர்ந்து பார்க்க அவள் கேட்டு வாங்கியது அது. இப்போது கேட்க வேண்டியதில்லை, பழகிவிட்டது. அவர் தலையைக் குனிந்து, வாயைத் திறந்து, அவள் முகத்தில் மெதுவாக ஊதினார். ஆஸ்பத்திரி கண்டீனில் குடித்த மைலோவின் வாசம்.

அவள் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

“என்னா மேரி?”

அவள் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு, செருப்பில்லாமல் ரோசலின் வீட்டுக் கேட்டுக்கு நடந்தாள்.

“அக்கா.” குரல் எழவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரு கேட்கும்படி மறுபடியும் கூப்பிட்டாள்.