ஒரு வீட்டுக்கு ஒரு புத்தகம்

கடை வாசலுக்கு இருபது அடி முன்னாலேயே நானும் என் வீட்டுக்காரரும் பிரிந்துவிடுவோம். அவர் மருந்துக் கடை ஓரம் ஒதுங்கி நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நான் உள்ளே போய்க் கூடையை எடுத்துக்கொண்டு பருப்பு வரிசைக்குப் போன பிறகுதான் அவர் வருவார். அதற்கப்புறம் பில் போட்டு, வெளியே வந்து, ஒரு நிறுத்தம் தள்ளி இருக்கிற பஸ் நிழற்குடையில் சந்திக்கிற வரைக்கும் அவர் யாரோ, நான் யாரோ.

ஒன்பது சனிக்கிழமையாக இந்தக் கூத்து நடந்தது. எல்லாம் கூப்பனுக்காகத்தான்.

அந்தக் கடையில் ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள். உள்ளே பத்துக் கட்டம். வாரம் ஒரு தடவை அவர்கள் சொன்ன தொகைக்குக் குறையாமல் வாங்கினால் ஒரு கட்டத்தில் முத்திரை குத்துவார்கள். பத்து வாரமும் விடாமல் பத்து முத்திரை வாங்கிவிட்டால் அந்தப் புத்தகமே கூப்பன். ஒரு மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய் இலவசம். நடுவில் ஒரு வாரம் தவறினால் புத்தகத்தைக் குப்பையில் போட வேண்டியதுதான். பின் அட்டையில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு புத்தகம்தான், ஒரே வீட்டில் இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது.

எங்கள் வீட்டில் இரண்டு இருந்தது.

திருட்டுத்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அவர் வேலை செய்கிற லேத் பட்டறையில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி ஆறு நாள் வேலை மூன்று நாளாகிவிட்டது. நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். காலையில் மடிக்க ஆரம்பித்தால் சாயங்காலம் கண்ணை மூடினாலும் வெள்ளைத் துணிதான் தெரியும். இரண்டு புத்தகமும் நிறைந்தால் இரண்டு மாதச் சாமான். அதற்குள் பட்டறைக்குப் புது ஆர்டர் வந்துவிடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். வராவிட்டால் மறுபடியும் கடன் கேட்டு என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டுப் படி ஏற வேண்டும். போன தடவை ஏறியபோது என் ஓரகத்தி வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. காபி டம்ளரை மேஜையில் வைத்த சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் படியை இன்னொரு தடவை மிதிக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அவருடைய புத்தகத்துக்கு என் தங்கச்சி வீட்டு விலாசமும் அவளுடைய ஃபோன் நம்பரும் கொடுத்தோம். காகிதத்தில் என் வீட்டுக்காரர் தங்கச்சி வீட்டில் குடியிருக்கிறார். "சகலை, வாடகை எப்போ தரப் போறீங்க?" என்று தங்கச்சி புருஷன் பார்க்கிறபோதெல்லாம் கேட்பார். என் புத்தகத்துக்கு எங்கள் விலாசம். அந்த வாரம் என் ஃபோன் தண்ணீரில் விழுந்து செத்திருந்ததால் அவருடைய நம்பரைக் கொடுத்தேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஆரம்பத்தில் அவருக்கு நடிக்கத் தெரியவில்லை. இரண்டாவது வாரம் எண்ணெய் அடுக்கின் முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "கொஞ்சம் வழி விடுறீங்களாம்மா?" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியது அந்தக் கடையில்தான். சிரிப்பை அடக்க முடியாமல் சோப்பு வரிசைக்குப் போய்விட்டேன். அப்புறம் அந்தச் சிரிப்பும் தீர்ந்து போனது. வாரா வாரம் பட்டியலை இரண்டாகக் கிழித்து, இரண்டு பாதியும் அந்தத் தொகையைத் தொடுகிறதா என்று கூட்டிப் பார்த்து, இரண்டு வரிசையில் நின்று, இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தால் பேசக்கூடத் தெம்பு இருக்காது. கடையில் பேசாமல் இருந்து பழகியவர்கள் வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டோம் என்றுகூடச் சொல்லலாம்.

பத்தாவது சனிக்கிழமை நான் வேலையிலிருந்து நேராக வந்தேன். காலையில் வெறும் டீதான். மத்தியானத்துக்குக் கொண்டுபோனதைப் பாதி சாப்பிட்டு மூடி வைத்துவிட்டேன். கூப்பனுக்குக் கடைசி வாரம் என்பதால் கூட்டம் நெரிந்தது. என் வரிசையில் எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆள். பக்கத்து வரிசையில் அவருக்கு முன்னால் இரண்டு பேர். என் கவுண்டரில் எப்போதும் இருக்கிற கண்ணாடி போட்ட பெண்தான் இருந்தாள். கூடையை மேடையில் தூக்கி வைத்தேன். விளக்கெல்லாம் ஒரேயடியாக வெளுத்தது. அடுத்து நான் பார்த்தது கூரையை.

யார் யாரோ குனிந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள் என் உள்ளங்காலைத் தேய்த்தாள். கண்ணாடிப் பெண் தண்ணீரோடு ஓடி வந்தாள். கடை சூப்பர்வைசர், "அம்மா, உங்க கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

கூட்டத்தின் இடுக்கு வழியாக அவரைப் பார்த்தேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு அடி எடுத்து வைத்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் அவரைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தேன். வேண்டாம்.

"யாருமில்லைங்க. தனியாத்தான் வந்தேன்."

அவர் நின்றுவிட்டார். எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க, கூப்பிடுறோம்."

"வேண்டாங்க, இப்போ சரியாயிடும்."

"கம்ப்யூட்டர்ல இருக்கு சார்," என்றாள் கண்ணாடிப் பெண். சூப்பர்வைசர் தன் ஃபோனில் நம்பரை அழுத்தினார்.

என் வீட்டுக்காரருடைய ஃபோன் சேவல் மாதிரி கூவும். பட்டறை இரைச்சலில் கேட்க வேண்டும் என்று வைத்தது. அந்தக் கடையில் அது ஒரே ஒரு தடவை கூவி, பாதியில் நின்றது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் திரும்பவில்லை.

"கட் பண்ணிட்டாரும்மா," என்றார் சூப்பர்வைசர். மறுபடியும் அழுத்தினார். "இப்போ ஸ்விட்ச் ஆஃப்."

"இந்த ஆம்பளைங்களே இப்படித்தான்," என்றாள் கால் தேய்த்த அம்மாள். "ஆத்திர அவசரத்துக்குன்னு கூப்பிட்டா எடுக்க மாட்டானுங்க."

"வேலையில இருப்பாரு," என்றேன். அவரை விட்டுக்கொடுக்காமல் சொன்னேனே தவிர, அவர் கட் பண்ணியது எனக்கு வலித்தது. வேண்டாம் என்றது நான்தான். ஆனாலும் வலித்தது.

நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பணத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடிப் பெண் பில் போட்டு, பத்தாவது முத்திரையைக் குத்திப் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். அடுத்த கவுண்டரிலும் முத்திரை விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வார் தைத்த இரண்டு செருப்பு என்னைத் தாண்டிப் போனது. என் பக்கத்தில் வந்ததும் நடை தளர்ந்தது. அப்புறம் போய்விட்டது.

அரை மணி நேரம் கழித்துத்தான் என்னை எழுந்திருக்க விட்டார்கள். நிழற்குடைக்கு நான் போனபோது பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பையை வாங்கிக்கொண்டு ஒரு பழச்சாறு டப்பாவை நீட்டினார்.

"இதுக்குக் கூப்பன் இருந்துச்சா?"

"இல்ல."

"முழு விலையா?"

"குடி."

குடித்தேன். என் முகத்தைப் பார்க்காமல், "நீதானே தலைய ஆட்டுனே," என்றார்.

"ஆமா. நான்தான்."

நான் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள் இல்லை அவர். ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறேன். பீடியை விடச் சொன்னேன். முதலாளி பேச்சை நம்பாதீர்கள் என்றேன். ஒரு பேச்சையும் காதில் வாங்கியதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். இன்றைக்குக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

 

பஸ் வருகிறதா என்று பார்த்தபோது, கண்ணாடிப் பெண் என்னுடைய டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வேகமாக வருவது தெரிந்தது. பத்து வாரப் பழக்கம், அவர் சட்டென்று பெஞ்சின் மறு கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா, இத நாற்காலிக்கடியில விட்டுட்டு வந்துட்டீங்க." மூச்சு வாங்கினாள். "பஸ் ஸ்டாப்ல எல்லாம் தேடுறேன். இப்போ எப்படி இருக்கு? வீட்டுக்காரர் ஃபோன் எடுத்தாரா?"

அவர் நிமிர்ந்தார். எனக்கு அந்த முகம் தெரியும், உண்மையைச் சொல்லிவிடப் போகிறார். பத்து வாரம் பல்லைக் கடித்துச் சேர்த்த இரண்டு புத்தகம். ஓரகத்தியின் டம்ளர் சத்தம் காதில் விழுந்தது. நான் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தேன். வேண்டாம்.

அந்தப் பெண் அதைத் தனக்குச் சொன்ன பதில் என்று நினைத்துக்கொண்டாள். "இன்னுமா எடுக்கல? இப்படியும் ஒரு மனுஷனா?"

"நான்தாம்மா அந்த மனுஷன்," என்றார் அவர். எழுந்து வந்து என் பக்கத்தில், தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார். "இவ என் பொண்டாட்டி. நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பைகளைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். டிபன் பாக்ஸை என்னிடம் கொடுத்தாள்.

"அக்கா, அடுத்த வாரம் இலவசச் சாமான் வாங்க வர்றப்போ ஒரு புத்தகத்த மட்டும் கொண்டு வாங்க. ரெண்டும் வந்தா நான் உள்ள சொல்லித்தான் ஆகணும். என் வேலை போயிடும்."

"சரிம்மா," என்றார் அவர். அவள் திரும்பி நடந்தாள்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். உங்களை யார் வாயைத் திறக்கச் சொன்னது, பத்து வாரம் நாயாக அலைந்தது எதற்கு, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் செய்துவிட்டீர்களே, அடுத்த மாதம் அண்ணன் வீட்டுப் படியை நீங்களே போய் ஏறுங்கள் என்று இறங்குகிற வரைக்கும் திட்டினேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை விடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் கேட்கவில்லை.