நாலு மாடி போதும்

தெருவில் எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு வேறு பேர் எதற்கு? தெருமுனையில் பூட்டிக் கிடந்த குடோனை இடித்துவிட்டு, ஐந்து தளத்தில் நாற்பது வீடு கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தெருச் சங்கம் அவரைத்தான் பேச்சாளராகப் பிடித்துப் போட்டது. அவர் பேச்சில் வல்லவர் என்பதால் அல்ல. கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுந்து ஓட முடியாது. அவர்களிடம் பேசிப் பேசி வாய்க்கு நல்ல பழக்கம்.

"இப்பவே வண்டி திருப்ப இடமில்ல. குழாய்ல தண்ணி வர்றது தும்மல் மாதிரி இருக்கு. இதுல இன்னும் நாப்பது குடும்பமா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டபடி முழங்குவார். எழுத்து தெரிகிறதா என்று கேட்டால், "கட்டிடம் வேண்டாம்" என்று பதில் சொல்லும் அளவுக்கு வாடிக்கையாளர்கள் தேறியிருந்தார்கள்.

எல்லாம் மகள் போன் செய்யும்வரைதான்.

மகள் நர்ஸ். ஆஸ்பத்திரி இந்தத் தெருவுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அவள் குடியிருப்பதோ இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில். பக்கத்தில் வீடு தேடி அவளும் மாப்பிள்ளையும் செருப்பைத் தேய்த்ததுதான் மிச்சம். கடைக்கு மேலே இருக்கும் ஒன்றரை அறையிலோ கண்ணாடிக்காரரும் மனைவியுமே ஒருவருக்கொருவர் வழிவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

"அப்பா, குடோன் இடத்துல ஒரு வீட்டுக்குப் பேர் பதிஞ்சிருக்கோம். கடைசி மாடி. அதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும்."

அவர் கையிலிருந்த லென்ஸை மேசையில் வைத்தார்.

"நீங்க எதிர்த்துப் பேசுறதா அம்மா சொன்னா. பரவாயில்லப்பா, பேசுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தப் பரவாயில்லையைத்தான் தாங்க முடியவில்லை.

"கூட்டத்துல உண்மையச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடி சொல்றது?"

"இருக்கிறது ஒண்ணுதானே. அதை வச்சுக்கிட்டே சொல்லுங்க."

நகராட்சிக் கூடத்தில் கட்டிட அனுமதிக்கான கூட்டம். மேசைக்குப் பின்னால் அதிகாரியம்மா. அவருக்குப் பக்கத்தில் கட்டிட இன்ஜினியர். தெரு மொத்தமும் முன்வரிசையில். மகள் டியூட்டி உடையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும், சொல்லிவிடலாம் என்று சேர்த்துவைத்த தைரியம் கரைந்தே போயிற்று.

சங்கத் தலைவரான பக்கத்து வீட்டு வக்கீல் கண்ணாடிக்காரரின் காதைக் கடித்தார். "மொத்தமா நிறுத்த முடியாதுய்யா. ஒரு மாடியையாவது குறைக்கச் சொல்லு. ஜெயிச்ச மாதிரி இருக்கும்."

கண்ணாடிக்காரர் எழுந்தார். கடைசி வரிசையைப் பார்க்காமல் இருக்க மின்விசிறியைப் பார்த்தார்.

"நாலு மாடி போதும். அதுக்கு மேல ஒரு செங்கல்கூட ஏறக் கூடாது."

கைதட்டல் அதிர்ந்தது. பெற்ற மகளின் வீட்டைச் சொந்த வாயாலேயே இடித்துவிட்டு, அவர் உட்கார்ந்தார்.

இன்ஜினியர் சிரித்தார். "எங்களுக்குச் சம்மதம். தரைத்தளம், அதுக்கு மேல நாலு மாடி. ஆக அஞ்சு தளம். எங்க பிளானே அதுதான்."

கைதட்டல் பாதியில் நின்றது. தரையை யாராவது மாடி என்பார்களா? ஐந்து தளத்தை ஐந்து மாடி என்று சொல்லியே இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறார்கள், சட்டம் படித்த வக்கீல் உட்பட.

"ஏமாத்துறாங்க!" என்று முன்வரிசை எழுந்தது. அதிகாரியம்மா கையமர்த்தினார்.

"நீங்களே சொல்லுங்க சார். நாலு மாடியா, நாலு தளமா?"

"தளம்னு சொல்லுய்யா," என்று வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

இந்தத் தடவை கண்ணாடிக்காரர் கடைசி வரிசையைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"மாடிதாம்மா," என்றார். "அந்த நாலாவது மாடிக்கு என் பொண்ணு பேர் பதிஞ்சிருக்கா. அதை மறைச்சு வச்சுக்கிட்டுத்தான் இங்க பேச வந்தேன். தப்புதான். இனி சங்கத்துக்காக நான் பேசுறது முறையில்ல."

மைக்கை வக்கீலிடம் நீட்டினார். வக்கீல் அதைப் பாம்பை வாங்குவதுபோல வாங்கினார். கண்ணாடிக்காரரை ஒரு முறை முறைத்துவிட்டு, மாடியை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்தார். கட்டிடத்துக்குத் தனிக் குழாய், வண்டிகளை உள்ளேயே நிறுத்த இடம். இரண்டையும் எழுதி வாங்காமல் உட்காரவில்லை. அதன்பின் அதிகாரியம்மா அனுமதி கொடுத்தார்.

மகள் வாசலில் வந்து அப்பாவின் கையை ஒருதரம் அழுத்திவிட்டு டியூட்டிக்கு ஓடினாள். மற்றவர்கள் அவரைத் தூணைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிப் போனார்கள்.

வக்கீல் பத்தடி முன்னால் நடந்தார். தன் வீட்டு கேட்டைத் திறந்தவர், திரும்பாமலேயே கேட்டார்.

"அவ வீடு எந்தப் பக்கம் பாக்குது?"

"உங்க மொட்டை மாடிப் பக்கம்தான் சார்."

"காலைல சட்டை இல்லாம அங்கதான்யா உடற்பயிற்சி பண்றேன்!"

"அவ நர்ஸ் சார். இதைவிட மோசமானதெல்லாம் பாத்திருக்கா."

கேட் படாரென்று சாத்திக்கொண்டது. கண்ணாடிக்காரர் அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே வக்கீல் அதை மனைவியிடம் சொல்லிச் சிரிப்பது கேட்டது.