இரண்டு பேருக்கு ஒரு மேசை

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஓட்டல் தேர்ந்தெடுப்பதில் அப்படி என்ன மலையைப் புரட்டும் வேலை இருக்கிறது என்று கேட்பவர்கள், அதியமான்கோட்டையில் சசிகலா வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். அங்கே இருட்டியதும் முதலில் ஆண்கள் சாப்பிடுவார்கள். மாமனார், கொழுந்தன் மாதவராஜ், சசிகலாவின் கணவன் பிரபாகர் மூன்று பேரும் டிவிக்கு முன்னால் வரிசையாக உட்காருவார்கள். மாமியார் பெரியம்மாளும் சசிகலாவும் நின்றுகொண்டு பரிமாறுவார்கள். ஆண்கள் கை கழுவிய பிறகுதான் பெண்கள் இருவரும் ஆறிப்போன குழம்போடு சமையலறையில் உட்காருவார்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஏன் இப்படி என்று யாரும் கேட்டதும் இல்லை.

கல்யாணமாகி நாலு வருசம் ஆகிறது. பிரபாகரின் உச்சந்தலையில் சுழி எந்தப் பக்கம் இருக்கிறது என்று சசிகலா கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவன் சாப்பிடும்போதெல்லாம் அவள் மேலேயிருந்துதானே பார்த்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்து பார்த்ததில்லை. காரம் தூக்கலாக இருந்தால் அவன் முகம் எப்படிப் போகும், பிடித்த கறியை முதலில் தின்பானா கடைசிக்கு வைப்பானா, ஒன்றும் தெரியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அதுவும் போட்டோக்காரருக்காக. அன்றைக்கு அவள் தின்றதெல்லாம் வெறும் அப்பளம்.

அவன் குட்டியானை வண்டி ஓட்டுகிறான். விடிவதற்கு முன்னால் தக்காளி லோடு ஏற்றப் போய்விடுவான். அதனால் சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவான். அவள் பாத்திரம் கழுவிவிட்டு வரும்போது குறட்டைதான் வரவேற்கும். குடும்பம் நடத்துவது என்றால் இதுதான் என்று நாலு வருசம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இந்த வருசம் கல்யாண நாளுக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. இரண்டே பேர், ஒரு மேசை, எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரு சாப்பாடு. சேலை கேட்கவில்லை, தோடு கேட்கவில்லை.

“ஓட்டல்ல சாப்புடறதுக்கு இவ்ளோ பேச்சா?” என்றான் பிரபாகர். “சரி, எங்கன்னு நீயே பாத்து வையி. ரொம்ப இழுத்து வுட்றாத, வண்டி டியூ இருக்குது.”

டியூ இருப்பது அவளுக்குத் தெரியாதா? தர்மபுரி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. சம்பளத்தில் பாதிக்கு மேல் அந்த வண்டிக்குத்தான் போகிறது. மிச்சத்தில் பிடித்ததுதான் இந்தச் சாப்பாட்டுப் பணம். மத்தியானம் டீயும் பஜ்ஜியும் நிறுத்தினாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு நடந்தாள். செருப்பு அறுந்தபோது புதுசு வாங்காமல் தைத்துப் போட்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில் ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கினாள். பைபாஸ் ஓரத்தில் ஒன்று. அங்கே பஸ்காரர்கள் கூட்டம், கடைசி ரொட்டியோடு பில்லையும் சேர்த்து வைத்துவிடுகிறார்கள். இன்னொன்றில் ஃபேமிலி ரூம் என்று திரைச்சீலை கட்டிய பொந்து. திரையை இழுத்துவிட்டு சப்ளையர் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றலாமா என்று வந்தது. மூன்றாவது, நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. ஜன்னலோரம் இரண்டு பேருக்கான சின்னச் சின்ன மேசைகள். மெனு கார்டை வாங்கி, பதார்த்தத்தின் பெயரை விட்டுவிட்டு விலையை முதலில் படித்தாள். ஒரு சூப்பை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பார்களாம். நாலு நான், ஒரு சிக்கன் கிரேவி, கடைசியில் ஒரு ஐஸ்கிரீம், இரண்டு ஸ்பூன். கையில் இருப்பதற்குள் அடங்கியது.

“எத்தினி பேருங்க மேடம்?” என்று கல்லாவில் இருந்தவர் கேட்டார்.

“ரெண்டு பேரு. ரெண்டே பேருதாங்க.” சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. ஜன்னலோர மேசையைச் சொல்லி வைத்துவிட்டு, அவர் கொடுத்த கார்டைக் கொண்டுபோய்ப் பிரபாகரிடம் கொடுத்தாள். பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த நாளும் வந்தது. கடையில் பர்மிஷன் போட்டு, சீக்கிரமாக வீட்டுக்கு வந்து, நீலச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு நின்றாள். “ரெண்டு பேரும் சோடி போட்டுக்கிட்டு எங்கடா?” என்று பெரியம்மாள் கேட்டதற்கு, “கோயிலுக்கும்மா” என்றான் பிரபாகர். பெண்டாட்டியோடு சோறு தின்னப் போகிறேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சசிகலாவுக்குச் சுருக்கென்றது. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விழுங்கிக்கொண்டாள்.

பைக் நாலு ரோட்டுக்கு வந்தது. பேக்கரி வந்தது. மாடி ஜன்னலில் விளக்கு எரிவதுகூடத் தெரிந்தது. பைக் நிற்கவில்லை. பாப்பாரப்பட்டி ரோட்டில் திரும்பி வேகம் பிடித்தது.

“ஏங்க, தாண்டிட்டீங்க! அந்தப் பேக்கரிதாங்க!”

“கம்முனு வா சசி. ஒரு சர்ப்ரைஸ்.” ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் குரல் குஷியாக வந்தது. “குப்புராஜ் மச்சான் புதுசா ஓட்டல் போட்டுருக்காரில்ல? தெறப்பு விழாவுக்கும் நாம போவல, அவருக்கு மனத்தாங்கல். நேத்து போன் பண்ணேன். கல்யாண நாளுன்னதும், ‘ஒரு பைசா வேணாம், கூட்டிக்கிட்டு வா மச்சான்’ன்னுட்டாரு. உம் பணம் அப்புடியே மிச்சம். டியூவுல சேத்துக் கட்டிப்புடலாம்.”

“நான் மேச சொல்லி வெச்சுருக்கேங்க.”

“கார்டுல நம்பர் இருந்துச்சே. போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்.”

அவள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம், அவள் ஏறி இறங்கிய படி, அவள் சொல்லி வைத்த மேசை. அதை வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்த மனுசனுக்குத் தோன்றவே இல்லை. இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். இருபுறமும் கரும்புக்காடு. எங்கே இறங்குவது?

ரொம்ப தூரம் போன பிறகு ஒன்று மட்டும் கேட்டாள். “அங்க போனாலும் நாம ரெண்டு பேரும் ஒண்ணா குந்தித்தானே சாப்புடுவோம்?”

“அதுக்குத்தானே போறோம்!” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யோசிக்காதவனோடு சண்டை போடுவதைவிடப் பொய்யனோடு போடுவது எவ்வளவோ மேல்.

குப்புராஜ் பிரபாகரின் அத்தை மகன். கெட்டவர் என்று அவரை ஒரு சொல் சொல்ல முடியாது. வாசலில் பலூன் கட்டியிருந்தார். கேக் வாங்கி வைத்திருந்தார். “வா மச்சான், வாம்மா தங்கச்சி” என்று வாய் நிறையக் கூப்பிட்டார். ஓட்டலில் சுமாரான கூட்டம். ஒரு மூலையில் ஹெல்மெட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் இளம் ஜோடி எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தன் இலையிலிருந்த முட்டையை எடுத்து அவன் இலையில் போட்டாள். சசிகலா அதைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறுதலானாள். இங்கேயும் முடியும்போல இருக்கிறதே.

நடுவில் நீள மேசை. குப்புராஜின் தம்பி அர்ச்சுனனும் உறவுக்காரர்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். குப்புராஜ் பிரபாகரின் தோளில் கை போட்டு அங்கே இழுத்துக்கொண்டு போனார். அதே நேரம் அவர் மனைவி கலைமணி வந்து சசிகலாவின் கையைப் பிடித்தாள். “நீங்க உள்ள வாங்க அண்ணி.”

உள்ளே என்பது சமையல்கட்டுக்குப் பக்கத்து அறை. வெங்காய மூட்டை, எண்ணெய் டின், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. “ஆம்பளைங்க சாப்புட்டு எந்திரிக்கட்டும் அண்ணி. அப்பறமா நாம நிம்மதியா சாப்புடலாம்” என்றாள் கலைமணி.

“வெளிய அந்தப் பொண்ணு குந்தி சாப்புடுதே?”

கலைமணிக்குக் கேள்வியே புரியவில்லை. “அவங்க கஸ்டமரு அண்ணி. நீங்க நம்ம வூட்டு ஆளாச்சே!”

அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான் சசிகலாவைச் சுட்டது. காசு கொடுத்துத் தின்பவள் கணவனுக்கு எதிரே உட்காரலாம். உறவுக்காரி வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் காத்திருக்க வேண்டும். அந்தக் காசு அவள் பையில் இருந்தது. அதை மிச்சம் பிடிக்கத்தான் அவள் புருசன் அவளை இங்கே கொண்டுவந்திருந்தான்.

கதவு வழியாகப் பார்த்தாள். பிரபாகர் கூப்பிடுவான் என்று நின்றாள். அவன் எதற்கோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி பேச்சில் இறங்கினான்.

பிரியாணி வந்து இறங்கியது. “தங்கச்சி!” என்று குப்புராஜ் சத்தம் போட்டார். “இங்க வாம்மா! கல்யாண நாளு, மச்சானுக்கு உங்கையால வையி!”

கலைமணி சந்தோஷமாகப் பிரியாணிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். அர்ச்சுனன் போட்டோ எடுக்க போனைத் தூக்கினான். சசிகலா பிரபாகருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குனிந்து பார்த்தாள். அதே உச்சந்தலை, அதே சுழி. நாலு வருசமாக எங்கே நிற்கிறாளோ அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள், பட்டாடை உடுத்தாத குறையாக அலங்கரித்துக்கொண்டு.

“சிரிங்கக்கா” என்றான் அர்ச்சுனன்.

பாத்திரத்தை மேசையில் டங்கென்று வைத்தாள். சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள்.

“கொஞ்சம் எந்திரிங்க தம்பி.”

அர்ச்சுனன் விழித்தான். அண்ணனைப் பார்த்தான், பிரபாகரைப் பார்த்தான். அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு எழுந்து ஒதுங்கினான். சசிகலா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் இலையைத் தள்ளிவிட்டு ஒரு புது இலையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். தனக்குத் தானே பிரியாணியை அள்ளி வைத்துக்கொண்டாள்.

குப்புராஜ் சமாளிக்கப் பார்த்தார். “என்னம்மா, பசி வந்துருச்சா? சொல்லியிருந்தா உள்ளயே வெக்கச் சொல்லியிருப்பேனே.”

“பசி இல்லீங்கண்ணா. எனக்குக் கோவம்.” அவள் குரல் தாழவில்லை. “உங்க மேல இல்ல. எங்க வூட்டுல நாலு வருசமா இவருக்கு நின்னுக்கிட்டுச் சோறு போடறேன். இன்னிக்கு ஒரு நாளு எதுர்ல குந்திச் சாப்புடணும்னு காசு சேத்து, ஓட்டல் பாத்து, மேச சொல்லி வெச்சேன். அத வேணாம்னுட்டு இங்கயும் பரிமாறத்தான் கூட்டியாந்துருக்காரு.”

“சசி, வூட்டுல போயிப் பேசிக்கலாம்” என்றான் பிரபாகர் பல்லுக்கிடையில்.

“வூட்டுல எப்பங்க பேசறது? நீங்க சாப்புடும்போது நான் நிக்கறேன். நான் சாப்புடும்போது நீங்க தூங்கறீங்க.”

மூலையில் இருந்த ஜோடி கையை இலையில் வைத்தபடி பார்த்தது. கலைமணி கதவருகில் நின்று முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். “நீங்களும் வந்து குந்துங்க அண்ணி” என்றாள் சசிகலா. கலைமணி கணவனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

குப்புராஜ்தான் முதலில் எழுந்தார். “எந்திரிங்கப்பா, அவங்க சாப்புடட்டும்” என்று மற்றவர்களைக் கிளப்பிக்கொண்டு கல்லாப் பக்கம் போனார். நீள மேசையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

“மானத்த வாங்கிட்ட” என்றான் பிரபாகர், மெதுவாக. “மச்சான் என்னா நெனைப்பாரு?”

“நான் என்னா நெனைப்பேன்னு ஒரு தடவ கேட்டீங்களா?”

அவள் சாப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். நாலு வருசம் ஏங்கிய முகம். அதை வெட்கப்படாமல், அவசரப்படாமல், முழுசாகப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, கல்லாவில் நிற்கும் ஆண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் தன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உதட்டசைவை மேய்ந்துகொண்டிருந்தான். சோற்றைப் பிசைந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவள் மேல் கோபம்கூட அந்த முகத்தில் சரியாக இல்லை. பயம்தான் இருந்தது. அவள் தலைகீழாக நின்று பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான்.

“போலாமா?” என்று எழுந்தான். “எல்லாரும் பாக்கறாங்க.”

“நீங்க போயிக் கை கழுவுங்க. நான் சாப்புட்டு வரேன்.”

அவன் போனான். எதிர் நாற்காலி காலியானது. அந்த முகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே நிதானமாகச் சாப்பிட்டாள்.