ஆறு குண்டூசிகள்

என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டுப் படியேறி மூன்று வருடம் ஆகிறது. காரணம் ஒரு கோட்டு. அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் தைத்துக் கொடுத்தேன். மேடையில் அவர் குனிந்தபோது முதுகுத் தையல் பிரிந்துவிட்டது. அளவெடுத்த பிறகு ஒரு மனிதர் நான்கு அங்குலம் பெருத்தால் தையல்காரன் என்ன செய்வான்? இதை நான் மனதுக்குள் கேட்டிருக்கலாம். மைக்குக்குப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து என் மனைவி மொட்டை மாடிக்குப் போய்த்தான் அண்ணனோடு போனில் பேசுகிறாள். இறங்கி வரும்போது கண் சிவந்திருக்கும். கேட்டால் தூசி என்பாள். எங்கள் மாடியில் அவ்வளவு தூசி கிடையாது.

போன வாரம் அவருக்கு ஈரலில் கொழுப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். எண்ணெய் ஆகாதாம், உப்பு குறைவாம், ஆவியில் வெந்த மீன் சாப்பிடலாமாம். இவள் அதைப் பிடித்துக்கொண்டு, "இங்க வாண்ணா, நாங்க செஞ்சு தர்றோம்" என்று கூப்பிட்டுவிட்டாள். அவரும் சரி என்றுவிட்டார். நாங்கள் என்றால் நான். அவளுக்கு மீன் வாடையே ஆகாது.

"என்னங்க, அண்ணன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் திறக்கவே கூடாது."

"கொட்டாவி வந்தா?"

"அடக்கிக்கோங்க."

செய்முறையைப் போனில் பார்த்தேன். முழு மீன், இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ் இரண்டு ஸ்பூன், கடைசியில் நல்லெண்ணெய் நாலு சொட்டு. கூடவே சோறும் வேகவைத்த கீரையும். ரொம்ப சுலபம் என்று வீடியோவில் வந்த பெண் சிரித்தாள். அவளுக்கு யாரோ எல்லாவற்றையும் நறுக்கி வைத்திருந்தார்கள். எனக்கோ, மீன் வயிற்றில் இஞ்சியைத் திணிக்கத் திணிக்க வெளியே வந்தது. இரண்டு ஓரங்களைச் சேர்த்துப் பிடித்தால் என் கை தானாக மணிக்கட்டுக்குப் போகும். முப்பது வருடப் பழக்கம். கடையிலிருந்து நேராக வந்ததால் ஊசி குத்தும் பஞ்சு இன்னும் அங்கேதான் கட்டியிருந்தது. ஆறு குண்டூசி குத்தினேன். ஒரே இடைவெளி, கோணல் கிடையாது. அந்த மீனை யாரும் அவ்வளவு மரியாதையாக நடத்தியிருக்க மாட்டார்கள்.

மீன் வெந்து முடிவதற்குள் மச்சான் வந்து உட்கார்ந்துவிட்டார். வெந்ததும் அவசர அவசரமாக ஊசிகளைப் பிடுங்கி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்தார். சாப்பிட ஆரம்பித்தார். இவள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாகக் காணாமல் போயிருந்த முகம் திரும்பி வந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஊசிகளைக் கழுவ உள்ளே போனேன். ஐந்து இருந்தது. மறுபடியும் எண்ணினேன். மறுபடியும் ஐந்து. சொன்னால் இந்தச் சாப்பாட்டோடு உறவு முடிந்தது. சொல்லாவிட்டால் மச்சானே முடிந்தார். ஓடினேன்.

"மச்சான், மெல்லாதீங்க!"

இவள் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். மச்சான் மெதுவாக நிமிர்ந்தார். "என்ன மாப்ள, நான் திங்கிறதுக்கும் அளவெடுக்கறீங்களா?"

"மீனுக்குள்ள ஒரு குண்டூசிய விட்டுட்டேன். ஆறு குத்தினேன், அஞ்சுதான் எடுத்தேன். தப்பு என்னோடதுதான்."

அப்படி ஒரு வாக்கியத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர் மூடியிருந்த இடது கையை மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளங்கையில் ஊசி இருந்தது.

"மூணாவது வாயிலயே வந்துருச்சு" என்றார்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே மச்சான்!"

"தங்கச்சி மூஞ்சியப் பார்த்தேன். சொன்னா இன்னொரு மூணு வருஷம் போயிடும். எனக்கு அவ்வளவு வருஷம் இருக்கான்னு டாக்டரையே கேக்கணும்."

இவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறியும் மூக்கு உறிஞ்சுவது கேட்டது. நாங்கள் இருவரும் கேட்காததுபோல் இருந்தோம்.

மச்சான் மீனைத் திருப்பிப் போட்டார். நன்றாகக் குனிந்து உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து, எனக்கென்று கிடந்த காலித் தட்டில் வைத்தார்.

"நீங்க மொதல்ல தின்னுங்க மாப்ள" என்றார்.