தண்ணீரில் விழுந்த புள்ளிகள்

"என்னம்மா இது, புள்ளியெல்லாம் கங்கையில முழுகிண்டிருக்கு?" என்று மேனேஜர் பார்த்தசாரதி கேட்டதும் ஆபீஸே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2004. கல்கத்தாவில், கிடர்பூரில் இருந்த எங்கள் சின்னக் கம்பெனியிடம் ஒரு படகுப் போக்குவரத்து நிறுவனம் கணினி வரைபடம் கேட்டிருந்தது. கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளும், படகுத்துறை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புப் புள்ளியும் வேண்டும். பழைய மேப்பை ஸ்கேன் செய்து ஒட்டிவிடலாம் என்றார்கள். நான்தான் வெக்டாரில் வரைவேன் என்று அடம்பிடித்தேன். ஆற்றின் வளைவெல்லாம் நிரலில் எண்களாக இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது.

முதல் தடவை மானம் போனது. அட்சரேகை வடக்கே போகப் போக ஏறும். திரையோ மேலிருந்து கீழாக எண்ணும். அதை மறந்ததில் தெற்கே இருக்கும் கார்டன் ரீச் உச்சிக்கும் வடக்கே இருக்கும் ஹவுரா அடிக்கும் போய், கல்கத்தாவே தலைகீழாகத் தொங்கியது. உடனே சரிசெய்தேன். ஆனால் அதற்குப் பிறகு என் கணக்கை யாரும் நம்பவில்லை.

"எல்லாத்தையும் கரைக்கு இழுத்து வைச்சுடு, அனந்தலக்ஷ்மி. இன்னிக்கும் சொதப்பினா ப்ராஜெக்ட் பெங்களூர் பிராஞ்சுக்குப் போயிடும். நீ பழையபடி பே-ஸ்லிப் அடிக்க வேண்டியதுதான்" என்றார் மேனேஜர்.

"தப்பில்லை சார். ஒவ்வொரு துறையிலயும் ஜி.பி.எஸ்.ஸோட நானே போய் நின்னு எடுத்த அளவு."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

மதியம் படகு நிறுவனத்தின் தத்தா பாபு வந்தார். திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஸாரி, சின்ன மிஸ்டேக்" என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

"மிஸ்டேக் இல்லை" என்று குறுக்கே புகுந்து, ஹவுரா துறையைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். கரைக்கோடு துளியும் மங்கவில்லை. கரையிலிருந்து ஒரு மெல்லிய நடைபாலம். அதன் நுனியில், தண்ணீருக்குள், என் புள்ளி.

"எய் தோ! இதேதான்!" என்று தத்தா பாபு மேஜையைத் தட்டினார். அவருடைய துறைகள் எல்லாமே ஆற்றில் கிடக்கும் இரும்பு மிதவைகள். முன்பு வரைந்தவர்கள் அவற்றைச் சாலைமேல் ஏற்றிவிட்டார்களாம். படகு என்ன சாலையிலா ஓடுகிறது என்று வங்காள மொழியில் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வேலை எங்களுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

"அனந்தலக்ஷ்மி கணக்கு தப்பாதுன்னு நான் அப்பவே சொன்னேனே!" என்றார் மேனேஜர், கூசாமல். போகட்டும் என்று விட்டேன். ஜெயித்தவளுக்கு அது சுலபம்.

மாலையில் ஹவுரா படகுக்குக் காத்திருந்தபோது மிதவை காலடியில் லேசாக ஆடியது. என் புள்ளியின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.