மாவு டப்பாவும் பனமரத்துப்பட்டி ஏரியும்

கோழிக்குத் தீவனத்தை மாற்றினால் முட்டை கூடும். மனிதனுக்கு மாற்றினால் நீச்சல் கூடாதா? நாமக்கல் வேலுமணிக்கு இந்த யோசனை ஐம்பத்தேழாம் வயதில், எண்பத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசியில் வந்தது. கோழிப்பண்ணைக்காரருக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

பனமரத்துப்பட்டி ஏரியில் தை மாதம் ஒரு நீச்சல் பந்தயம் நடக்கும். ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் மட்டும், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. ஜெயிப்பவர் மெட்ராஸில் நடக்கும் மூத்தோர் போட்டிக்குப் போகலாம். வேலுமணி எப்போதும் இரண்டாவதுதான். முதலில் வருபவர் ஏரியோரம் வெள்ளாமை செய்யும் தீர்த்தகிரி. வேலுமணியைவிட ஐந்து வயது மூத்தவர். ஒரு தடவையாவது அந்த மனிதரை முந்திவிட வேண்டும் என்ற ஆசை வேலுமணியைத் தூங்கவிடவில்லை.

சேலத்து மருந்துக் கடையில் புரோட்டீன் மாவு டப்பா வாங்கினார். கூடவே சத்து மாத்திரை. மூன்று வேளையும் அதுதான். சோறு, களி, குழம்பு எல்லாவற்றுக்கும் ஒரே முழுக்கு. பண்ணை நிறைய முட்டை கிடக்க, மனிதர் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"ஏனுங்க, கோழிக் கணக்குலயே உங்களுக்கும் தீவனம் போட்டுக்கறீங்களே, நீங்க என்ன முட்டையா போடப் போறீங்க?" என்றாள் மனைவி குப்பாயி.

"பந்தயத்தன்னிக்குப் பாரு!" என்றார் வேலுமணி. பண்ணைக்கு வரும் முட்டை லாரிக்காரர்களிடமெல்லாம் டப்பாவைக் காட்டிப் பீற்றிக்கொண்டார்.

பந்தய நாளும் வந்தது. பாதி ஏரிவரை தீர்த்தகிரியின் குதிகாலை ஒட்டியே போனார். அப்புறம் கை எழவில்லை. உடம்பு காலிப் பானையாக இருந்தது. மல்லாந்து மிதந்தார். காவலுக்கு வந்த பரிசல்காரர் கருப்பண்ணன் பக்கத்தில் வந்தார். பரிசலைத் தொட்டால் பந்தயத்தை விட்டதாக அர்த்தம். வேண்டாம் என்று வேலுமணி தலையாட்டினார்.

மிதந்தபடியே பார்த்தார். அடடா, தீர்த்தகிரி போகிற அழகு! அறுபத்திரண்டு வயது முதுகு எழுவதும் அமிழ்வதுமாக இருந்தது. ஒரு கை விட்ட இடத்தில் மறு கை. துளி அவசரம் இல்லை. பொறாமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மனித உடம்பால் இது ஆகுமா என்று வாயைப் பிளந்தார் வேலுமணி. ஒரு மடக்கு ஏரித் தண்ணீர் உள்ளே போனது.

எதிர்க்கரையைத் தொட்ட தீர்த்தகிரி திரும்பிப் பார்த்தார். கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபடி தண்ணீரில் இறங்கிவிட்டார். பாதி ஏரியை நீந்தி வேலுமணியிடம் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கவே இல்லை.

"வாங்க தம்பி, மெதுவாப் போலாம். நான் தொட மாட்டேனுங்க. நீங்களே வந்ததா இருக்கட்டும்."

அவர் பக்கத்துணையாக வர, வேலுமணி கடைசி ஆளாகக் கரையேறினார்.

தீர்த்தகிரி வீட்டில் அவர் மனைவி பழனியம்மாள் களியும் கொள்ளுக் குழம்பும் போட்டார். வேலுமணி மூன்று மாதப் பசியையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

"ஏனுங்ணா, இந்த உடம்புக்கு அப்படி என்னதான் சாப்பிடறீங்க?"

"இதேதாங்க. ஊட்டுல ஆக்கறதுதான்." தீர்த்தகிரி தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எப்பவும் பந்தயத்துக்கு முந்தின வாரந்தான் தண்ணியில எறங்குவேன். இந்த வருசம் உங்க முட்டை லாரிக்காரரு வந்து மாவு விசயத்தைச் சொன்னாரு. கதிகலங்கிப் போச்சுங்க. உங்க டப்பாவுக்குப் பயந்துக்கிட்டு மூணு மாசமாத் தெனமும் ஏரிய நீந்திப் போயி நீந்தியே திரும்புனேன்."

வேலுமணியின் கை வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றது. தன் டப்பா உருவாக்கிய வீரனைக் கண்கொட்டாமல் பார்த்தார். நெஞ்சு நிறைந்து சிரிப்பு வந்தது.

"மெட்ராசுக்கு நானும் வாரேனுங்ணா" என்றார். "கட்டுச்சோத்து மூட்டைய நான் தூக்கியாரேன்."